நினைவு காத்த கலை

ஒரு குடும்பத்தின் செல்வம் யாது என வினவினால், நிலமும் வீடும் பொன்னும் பொருளும் என்று பலரும் விடை கூறுவர். நிலத்தை வெள்ளம் கொண்டு போகலாம். வீட்டை நெருப்பு அழிக்கலாம். பொன்னைக் கள்வர் கவரலாம். இவற்றுள் எதனாலும் அழிக்கவொண்ணாத செல்வம் ஒன்று உண்டு. நம் முன்னோர் யாவர், எங்கிருந்து வந்தனர், எத்துன்பம் உற்றனர், எங்ஙனம் அதனைக் கடந்தனர் என்னும் நினைவே அச்செல்வமாகும். ஆயின் அதற்கும் பகை ஒன்று உளது. அது மறதி. பாட்டன் சொல்லாமல் விட்டதைத் தந்தை அறியான். தந்தை அறியாததை மகன் கேட்டும் பயனில்லை. மூன்று தலைமுறைக்குள் ஒரு குடும்பத்தின் கதை மண்ணோடு மண்ணாகிவிடும்.

இப்பகையை வெல்ல மக்கள் கலையைத் துணைக்கொண்டனர். போரில் வீழ்ந்த வீரனுக்கு நம் முன்னோர் கல் நட்டு, அதில் அவன் உருவையும் பெயரையும் பொறித்தனர். நடுகல்லுக்குக் கல் தேடுவது முதல் வாழ்த்துவது ஈறாக உள்ள முறையினைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள் இன்றும் அம்மறவரின் கதையை நமக்குச் சொல்லுகின்றன.

கல்லில் மட்டுமன்றிக் கூத்திலும் நினைவு வாழ்கின்றது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில் கிளியனூர் என்னும் ஊர் உளது. அதனைச் சூழ்ந்த விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் திருவிழா நிகழுங்கால் பகலிற் பாரதம் படிப்பர். இரவிற் கூத்து ஆடுவர். படுகள நாளன்று களிமண்ணாற் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையிற் கிடக்கும். வீமன் வேடம் பூண்டவர் அதன் தொடையில் அடிப்பார். பாஞ்சாலி தன் விரிந்த கூந்தலை முடிப்பாள். கூடியிருக்கும் மக்களுக்கு அஃது என்றோ நடந்த பழங்கதையாகத் தோன்றுவதில்லை. தம் கண்முன் இன்றே நிகழ்வதாகத் தோன்றும். கேட்ட கதையைத் தன் கதையாக உணரச் செய்வதே கலையின் ஆற்றல்.

கல் நடுதற்குச் சொந்த மண்ணும், கூத்தாடுதற்குச் சொந்த ஊரும் நமக்கு இருந்தன. இவ்விரண்டும் இல்லாத மக்கள் தம் நினைவை எங்ஙனம் காப்பர்? இவ்வினாவிற்கு விடையாக அமைந்த யூத மக்களின் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

நாடிழந்த மக்கள்

யூதர் மேலை ஆசியாவில் தோன்றிய தொன்மையான இனத்தவர். அவர்தம் மறைமொழி எபிரேயம். கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமானியர் எருசலேம் நகரத்துக் கோயிலை அழித்தனர். அதன்பின் யூதர் மேலும் பல நாடுகளிற் சிதறி வாழலாயினர். கடவுளுக்கு உருவம் அமைத்து வணங்குதல் அவர்தம் சமயத்திற்கு ஒவ்வாதது. ஆகவே, கோயிலும் இன்றிச் சிலையும் இன்றி அவர்கள் தம் பழமையைக் காக்க வேண்டியிருந்தது. வீடே அவர்களுக்குக் கோயிலாயிற்று. உணவுத் தட்டே பீடமாயிற்று. குடும்பத்தார் கூடிப் படிக்கும் ஏடே ஓவியச் சாலையாயிற்று.

இம்மக்கள் நம் நாட்டிற்குப் புதியவர் அல்லர். எபிரேய மறைநூலில் மயிலைக் குறிக்கும் சொல் தமிழின் 'தோகை' என்னும் சொல்லோடு தொடர்புடையது எனக் கால்டுவெல் முதலிய அறிஞர் கருதினர். சங்கப் புலவர் பாடிய முசிறித் துறைமுகம் மேலை நாட்டு வணிகர் பலரும் வந்து தங்கிய இடம். ஏறத்தாழக் கி.பி. 1000ஆம் ஆண்டில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு அளித்தான். அச்செப்பேட்டில் உள்ள எழுத்து நம் முன்னோர் எழுதிய வட்டெழுத்தேயாகும். பின்னர்ப் பவழமும் வைரமும் விற்ற யூத வணிகர் சென்னையிலும் வாழ்ந்தனர். சென்னையில் உள்ள பவழக்காரத் தெரு என்னும் பெயர் அவர்கள் வாழ்ந்தமைக்கு இன்றும் சான்றாகும்.

விடுதலைத் திருநாள்

யூதர் கொண்டாடும் விழாக்களுள் பஸ்கா தலைசிறந்தது. பங்குனி, சித்திரைத் திங்களையொட்டி முழுநிலா நாளில் அது தொடங்கும். எகிப்து நாட்டில் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்துத் துன்புற்ற தம் முன்னோர், மோசே என்னும் தலைவரின் பின்னே விடுதலை பெற்று வெளியேறிய நிகழ்ச்சியை நினைவுகூர்வதே இவ்விழா. இஸ்ரேல் நாட்டில் 7 நாளும், பிற நாடுகளில் பெரும்பாலும் 8 நாளும் இது நடைபெறும்.

முன்னோர் புறப்பட்டபோது, பிசைந்த மாவு புளிக்கும் வரை காத்திருக்கப் பொழுதில்லை. புளியாத மாவையே அப்பமாகச் சுட்டு எடுத்துச் சென்றனர். ஆதலின் இவ்விழா நாட்களில் புளித்த மாப்பண்டம் எதுவும் யூதர் இல்லத்தில் இருத்தல் கூடாது. நாம் பொங்கலுக்கு முன் வீட்டை வெள்ளையடித்துத் தூய்மை செய்து, போகியன்று பழையன கழித்துத் தீயிலிடுவது போலவே, அவர்களும் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, எஞ்சிய புளித்த பண்டத்தை விழாவிற்கு முன்னர் எரித்துவிடுவர். மராட்டிய நாட்டு யூதர் தம் செப்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவித்து விழாவிற்கு அணியமாவர். அப்பத்திற்கு மாவில் நீர் ஊற்றிய நொடி முதல் 18 நிமிடங்களுக்குள் அதனைச் சுட்டெடுத்தல் வேண்டும். அதற்கு மேற்படின் மாவு புளிக்கத் தொடங்கும் என்பது விதி.

விழாவின் முதல் இரவில் குடும்பத்தார் அனைவரும் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வர். நடுவே ஒரு தட்டு இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு நினைவு. கசப்புக் கீரை அடிமை வாழ்வின் கசப்பு. அருகில் வைத்த உப்புநீர் முன்னோர் சிந்திய கண்ணீர். பழமும் பருப்பும் சேர்ந்த இனிய குழம்பு, செங்கல் அடுக்கிய சாந்து. இந்திய யூதர் இதனைப் பேரீச்சம்பழப் பாகினாற் செய்வர். சடங்குக்குரிய திராட்சைமது கிடைக்காதவிடத்து, அவர்கள் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைப் பயன்படுத்தினர். எங்குச் சென்றாலும் அவ்விடத்துப் பொருளைக் கொண்டே பழைய கதையைச் சொல்ல அவர்கள் கற்றுக்கொண்டனர்.

இவ்விரவில் கதைக்கு வழிகோலுபவர் குடும்பத் தலைவர் அல்லர். வீட்டின் இளங்குழந்தையே அதற்கு வழிகோலும். மற்ற இரவுகளினின்றும் இவ்விரவு வேறுபடுவது ஏன் என அது வினவும். அதன் பின்னரே மூத்தவர் கதையைத் தொடங்குவார். அக்கதையும் வேண்டுதலும் பாடலும் அடங்கிய ஏட்டிற்கு ஹகாதா என்பது பெயர். 'எடுத்துரைத்தல்' என்பது அதன் பொருள். உணவில் வியப்பு உண்டாக்குவதும், அப்பத்தின் ஒரு துண்டை ஒளித்து வைத்துக் குழந்தையைத் தேடச் செய்வதும் குழந்தை உறங்கிவிடாமல் வினவ வேண்டும் என்பதற்காகவே. ஒவ்வொரு தலைமுறையினரும் தாமே எகிப்தினின்றும் வெளியேறியதாகக் கருதுதல் வேண்டும் என்பது அம்மரபின் கட்டளை. ஈராக் நாட்டு யூதரிடையே ஒரு சிறுவன் அப்பத்தைத் துணியில் முடிந்து தோளிலிட்டு வழிப்போக்கனாய் நடிப்பான். எங்கிருந்து வருகின்றாய், எங்குச் செல்கின்றாய் என மற்றவர் வினவ, எகிப்திலிருந்து எருசலேமுக்கு என அவன் விடை கூறுவான். இது வீட்டிற்குள் நிகழும் சிறு கூத்தன்றோ?

மூடிய சாடி

வினவும் குழந்தை இருந்தும் விடை சொல்வார் இல்லையேல் என்னாகும்? மராட்டிய நாட்டின் கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் என்னும் யூத மரபினரின் வரலாறு அதனைக் காட்டும்.

பல நூற்றாண்டுகட்கு முன்னர்த் தம் முன்னோர் வந்த கப்பல் நவகாம் என்னும் ஊரின் அருகே உடைந்தது என்றும், ஆடவர் எழுவரும் பெண்டிர் எழுவருமே உயிர் பிழைத்துக் கரையேறினர் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மறைநூல்கள் கடலில் மூழ்கின. கரையேறியவர் வழிவந்தோர் செக்காட்டி எண்ணெய் எடுக்கும் தொழிலை மேற்கொண்டனர்; மராத்தி மொழியைத் தம் மொழியாகக் கொண்டனர். சனிக்கிழமையில் செக்கு ஆட்டாமையால் ஊரார் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர் எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். எபிரேய மொழி மறந்தது. இறைவன் ஒருவனே எனக் கூறும் வேண்டுதல் ஒன்று மட்டும் நாவில் நின்றது.

பஸ்காவின் கதையும் அவ்வாறே மறைந்தது. ஆயினும் விழா முற்றிலும் அழிந்துவிடவில்லை. அவர்கள் அந்நாளுக்கு மராத்தியில் ஒரு பெயர் இட்டிருந்தனர். 'அனாஸ் சாடியை மூடும் திருநாள்' என்பது அதன் பொருள். அனாஸ் என்பது புளிப்பான ஒருவகைச் சாறு. அது நிறைந்த சாடியை விழா நாட்களில் அவர்கள் மூடி வைத்தனர். இம்மரபினரின் வரலாற்றை எழுதிய ஹாயீம் சாமுவேல் கெகிம்கர் இச்செய்தியைக் குறித்துள்ளார். 1897ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பெற்ற அவர் நூல் 1937ஆம் ஆண்டில் அச்சேறியது.

இதனை ஆழ்ந்து நோக்குங்கள். எகிப்தும் மறந்தது, மோசேயும் மறந்தார், புளித்த மாவு ஏன் ஆகாது என்பதும் மறந்தது. எஞ்சியது ஒரு சாடியும் அதன் மூடியுமே. தாய் மூடினாள் என்பதால் மகளும் மூடினாள். ஏன் மூடுகிறாய் அம்மா எனச் சிறுமி ஒருத்தி கேட்டிருப்பின், நம் பாட்டி மூடினாள் என்பதற்கு மேல் அத்தாயால் விடை கூறியிருத்தல் இயலாது. எனினும் அம்மூடியை இகழ்தல் கூடாது. சாம்பல் மூடிய தணல் போல அச்சடங்கினுள் பழைய நினைவு உறங்கிக் கிடந்தது. ஊதுவார் வரும்வரை அது காத்திருந்தது.

பூனா நகரத்து ஏடு

19ஆம் நூற்றாண்டில் கொச்சி நகரத்து யூதர் ஆசிரியராக வந்து பெனே இஸ்ரேல் மக்களுக்கு எபிரேயமும் சமய முறைகளும் கற்பித்தனர். பம்பாயில் அச்சுத்தொழிலும் பெருகியது. 1846ஆம் ஆண்டில் பஸ்கா விழாவிற்குரிய ஹகாதா மராத்தி மொழிபெயர்ப்போடு பம்பாயில் வெளிவந்தது. 1874ஆம் ஆண்டில் பூனாவில், இன்றைய புனே நகரில், மற்றொரு பதிப்பு ஓவியங்களுடன் வெளிவந்தது. மூடிய சாடியின் பொருள் இப்போது மக்களுக்குத் தம் தாய்மொழியிலேயே விளங்கலாயிற்று.

பூனா ஏட்டின் ஓவியங்கள் பல ஐரோப்பிய ஏடுகளின் ஓவியங்களைத் தழுவியவை. ஆயினும் புளிப்பில்லா அப்பம் சுடும் காட்சியில் நாம் காண்பவர் ஐரோப்பியப் பெண்டிர் அல்லர். மராட்டிய முறையிற் சேலையுடுத்த பெண்களே தரையில் அமர்ந்து மாப்பிசைந்து அப்பம் இடுகின்றனர். நம் வீட்டுத் திண்ணையில் முறுக்குச் சுற்றவும் அப்பளம் இடவும் பெண்கள் கூடியிருக்கும் காட்சி உங்கள் நினைவிற்கு வரலாம்.

இவ்வோவியத்தை எளிதாக எண்ணி விடாதீர்கள். மறைநூலை வரைபவன் எட்டாத நாட்டையும் காணாத உடையையும் வரைந்து பெருமை கொள்ளலாம். இவ்வோவியத்தை அமைத்தவரோ அப்பம் சுடுவது யார் எனத் தம்மை வினவிக்கொண்டு, தம் தாயும் தமக்கையும் சுடுவதை வரைந்தார் எனலாம். அதனாற் சிறுமி ஒருத்தி ஏட்டைப் பிரித்தவுடன், எகிப்தினின்றும் புறப்பட்டோர் யாரோ அல்லர், தன் பாட்டியே என உணர்ந்திருப்பாள். தாமே வெளியேறியதாகக் கருதுக என்னும் பழைய கட்டளையை ஒரு சேலையின் மடிப்பு நிறைவேற்றி வைத்தது.

ஏடுகள் கடந்த வழி

பிற நாட்டு யூதரும் தம் காலத்துத் துன்பத்தையும் நம்பிக்கையையும் இவ்வேட்டிலேயே வரைந்தனர். ஏறத்தாழ 1300ஆம் ஆண்டில் செருமானிய நாட்டில் எழுந்த ஏடு ஒன்றில் மாந்தர்க்கு மனித முகத்திற்கு மாற்றாகப் பறவைத் தலைகள் வரையப்பெற்றுள்ளன. மனித உருவை வரைவதில் இருந்த தயக்கமே இதற்குக் காரணம் எனப் பலர் கருதுவர்.

ஏறத்தாழ 1350ஆம் ஆண்டில் இசுப்பானிய நாட்டில் பொன்னும் வண்ணமும் தீட்டி எழுதப்பெற்ற ஏடு இன்று சரயேவோ ஏடு என வழங்குகின்றது. 1492ஆம் ஆண்டில் யூதர் அந்நாட்டினின்றும் துரத்தப்பெற்றபின், இவ்வேடும் அகதியைப் போல் நாடு நாடாகச் சென்றது. 1894ஆம் ஆண்டில் போசுனிய நாட்டுச் சரயேவோ நகர அருங்காட்சியகத்தை அடைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நாசிப் படையினர் கையில் அது சிக்காதவாறு காத்தவர் தெர்விஷ் கோர்குத் என்னும் இசுலாமிய நூலகர். அதன் தாள்களில் மதுக்கறைகள் படிந்துள்ளன. அது பெட்டியிற் பூட்டி வைத்த அணிகலன் அன்று. குழந்தைகள் சூழ்ந்திருந்த உணவு மேசையிற் புரண்ட ஏடு என்பதற்கு அக்கறைகளே சான்று.

போலந்து நாட்டில் பிறந்த ஆர்தர் ஷிக் என்னும் ஓவியர் வரைந்த ஏடு 1940ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. ஹகாதாவில் அறிவுடையோன், பொல்லாதவன், எளியோன், வினவ அறியாதவன் என நான்கு மைந்தர் வருவர். ஷிக் பொல்லாத மைந்தனுக்கு இட்லரை நினைவூட்டும் மீசையை வரைந்தார். பழைய எகிப்து மன்னனின் கொடுமையைச் சொல்லும் ஏட்டில் தம் காலத்துக் கொடுமையையும் அவர் சுட்டிக் காட்டினார்.

பெண்டிர் காத்த பாடல்

கொச்சி யூதரிடையே ஆடவர் எபிரேய மொழியில் ஓத, பெண்டிர் மலையாளத்திற் பாடினர். மறைநூற் கதைகளும் திருமண மகிழ்ச்சியும் தம் முன்னோர் வரலாறும் அப்பாடல்களில் அமைந்தன. பெண்கள் அவற்றைக் கைப்பட எழுதிய குறிப்பேடுகளில் தாய் மகளுக்கும் பாட்டி பேர்த்திக்கும் வழங்கி வந்தனர்.

1950ஆம் ஆண்டுகளில் கொச்சி யூதருள் பெரும்பாலார் இஸ்ரேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர். குறிப்பேடுகளும் அவர்களோடு சென்றன. பிள்ளைகள் எபிரேயம் பேசி வளர்ந்தமையாற் பாடல்களின் மொழி அவர்களுக்கு அயன்மொழியாயிற்று. கொங்கணத்தில் எபிரேயம் மறைந்து சடங்கு நின்றது; இங்கோ மலையாளம் மறைந்து தாள்கள் நின்றன. அறிஞர் சிலர் முதிய பெண்டிரைத் தேடிச் சென்று பாடச் செய்து பதிவு செய்தனர். 2004ஆம் ஆண்டில் அப்பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தன. அழகிய கிளியை விளித்துப் பாடும் பாடலின் பெயரே அத்தொகுப்பிற்குப் பெயராயிற்று. கிளியைத் தூது விடும் மரபு நம் இலக்கியத்திலும் உண்டன்றோ? பின்னர் ஸ்கறியா சக்கறியா, ஒஃபிரா கம்லியேல் என்னும் இருவர் பாடல்களை எபிரேய மொழிபெயர்ப்போடு தொகுத்து வெளியிட்டனர். அந்நூலின் பெயர் 'கார்குழலி'. தமிழ்ச் சிறுவர்க்கும் பொருள் விளங்கும் பெயர் அது.

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருவிலேயே வாழ்ந்து வந்த சாரா கோகன் என்னும் மூதாட்டியார், தொப்பிகளிலும் அப்பம் மூடும் துணிகளிலும் எபிரேய எழுத்துகளைப் பூத்தையலாற் பொறித்து விற்று வந்தார். முதுமையில் அவரை மகன் போற் பேணியவர் ஓர் இசுலாமியர். 2019ஆம் ஆண்டில் அம்மூதாட்டியார் மறைந்த பின்னரும் அவர்தம் தையற் பொருள்களை அவர் காத்து வந்தார். ஒரு மக்களின் நினைவைக் காப்பதற்கு அம்மக்களிடையே பிறந்திருத்தல் வேண்டும் என்பதில்லை. அன்பிருந்தாற் போதும் என்பதைச் சரயேவோவும் கொச்சியும் காட்டுகின்றன.

நீலமேனி ஓவியங்கள்

பெனே இஸ்ரேல் மரபினருள்ளும் பலர் 1948ஆம் ஆண்டிற்குப் பின்னர் இஸ்ரேல் சென்றனர். இந்தியாவில் எஞ்சியோர் சில ஆயிரவரே. அம்மரபிற் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர் சியோனா பெஞ்சமின் என்னும் ஓவியர். கிறித்தவரும் பார்சியரும் நடத்திய பள்ளிகளிற் பயின்றவர். இந்துக்களும் முசுலிம்களும் சூழ வாழ்ந்தவர். பின்னர் அமெரிக்க நாட்டிற் குடியேறியவர். எது என் வீடு என்னும் வினா அவருள் எழுந்தது. அவ்வினாவையே அவர் ஓவியமாக்கினார். 'இல்லம் காணல்' எனப் பொருள்படும் தலைப்பில் ஓவிய வரிசை ஒன்றைப் படைத்தார்.

அவர் வரையும் மறைநூல் மகளிர் நீலமேனியர். இராசபுத்திர, முகலாயச் சிற்றோவியங்களின் நுட்பமும், எபிரேய ஏடுகளின் அணியும், திரைப்பட விளம்பரப் பலகைகளின் வண்ணமும் அவற்றிற் கலந்துள்ளன. ஓர் ஓவியத்தில், கைகள் பல பெற்ற நீலமேனிப் பெண்ணொருத்தி யூதரின் கிளைவிளக்கைப் போற் காட்சி தருகின்றாள். நீலம் வானின் நிறம், கடலின் நிறம். அதனை எந்நாட்டாரும் தமது என்னலாம். எந்நாட்டாரும் தமக்கே உரியது எனல் இயலாது. பல நாடுகட்கு உரியவராகியும் ஒரு நாட்டிலும் முழுதும் அடங்காத மக்களுக்கு அந்நிறம் பொருத்தமாக அமைந்தது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் அவர் இந்தியாவிற்கு மீண்டும் வந்து, இங்கு வாழும் யூதரைக் கண்டு, அவர்தம் குடும்பக் கதைகளைக் கேட்டு, ஒளிப்படமும் ஓவியமும் இணைந்த 'முகங்கள்' என்னும் வரிசையைப் படைத்தார்.

பூனா ஏட்டின் ஓவியம், அவள் நம் பாட்டி என விடை சொன்னது. சியோனாவின் ஓவியம், இவள் மேனி ஏன் நீலமாயிற்று என நம்மை வினவச் செய்கின்றது. வினாவை எழுப்பும் தட்டும், விடை சொல்லும் ஏடும் ஒரே மேசையில் இருப்பதன்றோ பஸ்கா இரவு? அவ்விரண்டு தொழிலையும் கலை மேற்கொண்டது.

நமக்குரிய பாடம்

மாணவர்களே, இவ்வரலாற்றினின்றும் நாம் அறிவது யாது? சடங்கு மட்டும் எஞ்சினால் அது மூடிய சாடியாகிவிடும். ஏடு மட்டும் எஞ்சினால் அது மொழி தெரியாதார் கையிற் குறிப்பேடாகிவிடும். செய்வதும் சொல்வதும் ஒருங்கே நிலைத்தல் வேண்டும். அதற்கு வினவும் குழந்தையும், விடை கூறும் முதியோரும், இருவரையும் இணைக்கும் கலையும் வேண்டும்.

நம் வீடுகளிலும் மூடிய சாடிகள் பல உள. பொங்கற் பானையில் மஞ்சட்கொத்துக் கட்டுகின்றோம். வாயிலில் மாவிலை தொங்கவிடுகின்றோம். படையலில் மறைந்தோர்க்கு உகந்த பண்டத்தை வைக்கின்றோம். இவற்றின் பொருளை உங்களுள் எத்துணைப் பேர் வினவியதுண்டு? உங்கள் குடும்பம் எவ்வூரிலிருந்து இங்கு வந்தது, எந்தப் பஞ்சத்தில் அல்லது எந்த வெள்ளத்தில் ஊரை விட்டது, பாட்டி நாற்று நடுகையில் எப்பாட்டைப் பாடினாள் என்பதை அறிந்தோர் எத்துணைப் பேர்? படுகளக் கூத்தில் பாஞ்சாலி கூந்தலை ஏன் விரித்திருந்தாள் எனக் கேட்கும் சிறுவன் இல்லாத ஊரில் கூத்து வெறும் வேடமாகிவிடும்.

கேட்பதற்குக் காலம் நெடிதன்று. விடை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். ஆகவே இன்றே கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதுவதோடு அமையாது, பாட்டி அமர்ந்திருந்த திண்ணையையும் அவள் கையிலிருந்த முறத்தையும் நீங்கள் கண்டவாறே வரையுங்கள். ஓவியம் அழகாக அமையவில்லையே என நாண வேண்டா. பூனா ஏட்டின் பெண்டிரும் பேரழகியர் அல்லர். ஆயினும் 150 ஆண்டுகட்குப் பின்னும் அவர்கள் அப்பம் சுட்டுக்கொண்டே இருக்கின்றனர்.

முன்னோர் நமக்கு அளித்ததைப் பெறுவது பேறு. அதனைப் பொருளுணர்ந்து பின்னோர்க்கு அளிப்பது கடன். அக்கடனை ஆற்றுவோமாக.

பயிற்சி வினாக்கள்

1. கிளியனூர்ப் பகுதியில் நிகழும் படுகளக் கூத்தும் யூதரின் பஸ்கா இரவும் எவ்வகையில் ஒத்துள்ளன?
2. பஸ்காத் தட்டில் வைக்கப்படும் பொருள்கள் யாவை? அவை எவற்றை நினைவூட்டுகின்றன?
3. 'மூடிய சாடி' என்பதனால் ஆசிரியர் உணர்த்தும் கருத்தை விளக்குக.
4. பூனா ஏட்டில் அப்பம் சுடும் பெண்டிரின் ஓவியம் சிறப்புடையது எனக் கூறக் காரணம் யாது?
5. சரயேவோவிலும் கொச்சியிலும் யூதரின் நினைவுப் பொருள்களைக் காத்தவர் செயலால் நாம் அறிவது யாது?
6. பிரித்தெழுதுக: கார்குழலி, வட்டெழுத்து, மாப்பிசைந்து, அவர்தம், புளிப்பில்லா.
7. உங்கள் குடும்பத்து முதியோர் ஒருவரிடம் ஒரு பழைய வழக்கத்தின் பொருளைக் கேட்டறிந்து, அதனைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதி, உரிய ஓவியமும் வரைக.